ரீபூட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை: லினக்ஸ் சர்வரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

சர்வர் படுத்துவிட்டது என்று தகவல் வந்ததும் கை தானாக ரீபூட் பக்கம் போகும். எனக்கும் போகும். பாதி நேரம் அதிலேயே சரியாகியும் விடும், அதுதான் தொல்லை. ஏன் விழுந்தது என்பதற்கான தடயம் பாதிக்கு மேல் அந்த ரீபூட்டில் அழிந்துபோகும், அடுத்த வாரம் அதே மாதிரி மறுபடி விழும். அதனால் முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிழைச் செய்தியைச் சொல்வது யார்? பிரவுசரா, வெப் சர்வரான என்ஜின்எக்ஸா, ஆப்பை ஓட்டும் பிஎச்பியா, இயங்குதளத்தின் மையமான கர்னலா? ஆள் யார் என்று தெரிந்தால் எந்த லாக்கை (பதிவுக் கோப்பை) திறப்பது என்பதும் தெரிந்துவிடும்.

உபுண்டு அல்லது டெபியன் சர்வர், முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பி அல்லது நோட் (ஜாவாஸ்க்ரிப்ட்) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## தளம் திறக்கவே இல்லை

எப்படித் திறக்கவில்லை என்று பாருங்கள். தட்டிய உடனே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் நல்ல செய்திதான். இயந்திரம் உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க்கும் இருக்கிறது, அந்த போர்ட்டில் (எண்ணிட்ட வாசலில்) கேட்க மட்டும் ஆள் இல்லை. சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் வேறு கதை. பாக்கெட்டை வழியில் யாரோ விழுங்குகிறார்கள். ஃபயர்வாலாக இருக்கலாம், கிளவுட் பேனலில் இருக்கும் செக்யூரிட்டி குரூப்பாக இருக்கலாம், இயந்திரமே அணைந்திருக்கலாம்.

முதல் வகை என்றால் உள்ளே நுழைந்து ‘சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி’ போடுங்கள். எந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். சுடோ என்பது நிர்வாகி உரிமை, அது இல்லாமல் போட்டால் மற்ற பயனர்களின் ப்ராசஸ் பெயர் தெரியாது. வெப்புக்கான 80, 443 பட்டியலில் இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் ஓடவில்லை. உங்கள் நோட் ஆப் 127.0.0.1:3000 என்று இருந்தால் அது வெளியிலிருந்து வருபவரை ஏற்காது. முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கும்வரை அப்படி இருப்பதுதான் சரி. ஆனால் டாக்கர் கண்டெய்னருக்குள் (ஆப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடும் ஆப் 127.0.0.1இல் உட்கார்ந்தால், போர்ட்டை எவ்வளவு திறந்துவிட்டாலும் வெளியே தெரியாது. கண்டெய்னருக்குள் 0.0.0.0 (எல்லா முகவரியும்) என்று கொடுக்க வேண்டும்.

டாக்கர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் ஒரு போர்ட்டை மூடிவிட்டு நிம்மதியாக இருப்போம். டாக்கர் அதே போர்ட்டை வெளியிட்டிருந்தால் தன் விதிகளைத் தானே போட்டு யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய்விடும். டேட்டாபேஸ் கண்டெய்னருக்கு போர்ட் கொடுக்கும்போது முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதும் பழக்கம் நல்லது.

## எனக்குத் திறக்கிறது, அவருக்குத் திறக்கவில்லை

புது சர்வருக்கு மாறிய வாரத்தில் கட்டாயம் வரும் புகார் இது. ‘டிஎன்எஸ் பரவ நேரமாகும்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்போம் (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் அமைப்பு). டிடிஎல், அதாவது பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் காலம், 3600 நொடி என்றால் ஒரு மணி நேரம் தாண்டியும் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பலமுறை காரணம், ஏ ரெக்கார்டை (ஐபிவி4 முகவரி) மாற்றிவிட்டு ஏஏஏஏ ரெக்கார்டை (ஐபிவி6 முகவரி) மறந்ததுதான். ஐபிவி6 உள்ளவர்களின் பிரவுசர் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பிடிக்கும், அவர்கள் பழைய சர்வருக்கே போவார்கள். ‘கர்ல் -4’, ‘கர்ல் -6’ என்று இரண்டு விதமாகவும் அதே முகவரியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறுபட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

தலைகீழாக, உங்களுக்கு மட்டும் சரியாகத் தெரிந்தால் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். சோதனைக்கு எழுதிய வரி அங்கேயே இருக்கும்.

## 502, 504, 413

இந்த மூன்று பிழை எண்களையும் சொல்வது என்ஜின்எக்ஸ். அதாவது என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது, அதை ரீஸ்டார்ட் செய்வதால் ஒரு பயனும் இல்லை.

502 என்றால் பின்னால் இருப்பவரிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை. ‘டெயில் -எஃப் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்’ போட்டுவிட்டுப் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். வரும் வரியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், அதுதான் முக்கியம். 111 என்றால் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட், பின்னால் ஆப் ஓடவில்லை. 2 என்றால் அந்தப் பெயரில் கோப்பே இல்லை. பிஎச்பி பதிப்பை உயர்த்தியபின் இது வரும்: என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பின் பெயரில் 8.1 போய் 8.3 வந்திருக்கும், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. எண் எதுவும் இல்லாமல் ‘அப்ஸ்ட்ரீம் ப்ரிமெச்சூர்லி க்ளோஸ்டு’ என்று வந்தால், பேசிக்கொண்டிருந்த ப்ராசஸ் நடுவில் செத்திருக்கிறது. கீழே மெமரி பகுதிக்குப் போங்கள்.

504 என்றால் ஆள் இருக்கிறார், பதில் சொல்லத் தாமதிக்கிறார். என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 நொடி காத்திருக்கும். இணையத்தில் தேடினால் அந்த 60ஐ 300 ஆக்கச் சொல்வார்கள். ஆக்கலாம், ஆனால் 60 நொடியில் முடியாத வேலையை ஒரு பக்கத்துக்குள் வைத்திருப்பதுதான் உண்மையான பிழை. பெரும்பாலும் இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேட்டாபேஸ் கேள்வி, அல்லது பதில் வராத வெளி ஏபிஐ ஒன்று.

413 எளிது. கோப்பு பெரிது, அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி மட்டும். அதை உயர்த்திய பிறகும் பதிவேற்றம் நடக்கவில்லையென்றால் பிஎச்பியின் சொந்த வரம்புகள் தனியாக இருக்கின்றன: ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட் கோரிக்கைக்கு 8 எம்பி. மூன்றையும் சேர்த்து உயர்த்துங்கள்.

## 403 (அனுமதி இல்லை), கோப்பு அங்கேதான் இருக்கிறது

கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாரும் படிக்கும்படி 644 சரியாகத்தானே இருக்கிறது’ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோப்பைப் படிக்க, ரூட் ஃபோல்டரிலிருந்து (/) அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அதாவது எக்ஸ் பிட், வேண்டும். வழியில் ஒரு கதவு மூடியிருந்தால் போதும், 403தான். ‘நேம்ஐ -எல்’ என்று எழுதி முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாக வரும். எங்கே அடைபட்டிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

தளத்தை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தவர்கள் உபுண்டு 21.04 முதல் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். முன்பு 755 ஆக உருவான ஹோம் ஃபோல்டர் அந்தப் பதிப்பிலிருந்து 750 ஆகிவிட்டது. வெப் சர்வர் பயனருக்கு வாசலிலேயே அனுமதி இல்லை. தளத்தை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு மாற்றுவது நல்ல தீர்வு. எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடுவது தீர்வே இல்லை. அது வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து.

ரெட்ஹேட் குடும்பத்து சர்வரில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் கூடுதல் பாதுகாப்புக் காவலான எஸ்ஈலினக்ஸைச் சந்தேகப்படுங்கள். ஹோமில் இருந்து ‘எம்வி’ மூலம் நகர்த்திய கோப்பு தன் பழைய பாதுகாப்பு லேபிளையும் சுமந்துகொண்டு வரும். ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ அதைத் திருத்தும் (இங்கே ஆர் பெரிய எழுத்து).

## டிஸ்க் நிறைந்துவிட்டது, அல்லது நிறையாமலே நிறைந்துவிட்டது

டிஸ்க் நிறைந்தது என்று பயனருக்கு எந்தச் செய்தியும் நேராகச் சொல்லாது. பயனர் லாகின் செய்வார், மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்பார், ஏனென்றால் செஷன் கோப்பு எழுதப்படவில்லை. நீங்கள் டெர்மினலில் பாதிப் பெயரைத் தட்டி டேப் அமுக்குவீர்கள், தற்காலிகக் கோப்பு உருவாக்க இடமில்லை என்று கட்டளைகளை வாங்கும் ஷெல்லான பேஷ் முனகும். அந்த முனகலைப் பார்த்தால் வேறெதையும் தேட வேண்டாம், நேராக ‘டிஎஃப் -எச்’ போட்டு டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

100 சதவீதம் என்று இருந்தால் ‘சுடோ டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /’ போட்டு அதை ‘சார்ட் -எச்’ வழியாகப் பாருங்கள். கடைசி வரிகள்தான் பெரியவை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக உள்ளே போகலாம். எக்ஸ் கொடி இல்லாவிட்டால் மற்ற டிஸ்க்குகளையும் சேர்த்து எண்ணிக் குழப்பும்.

இதில் நான் மாட்டிய விதம் இது. டீபக் (பிழைதேடும்) லாக்கை அணைக்க மறந்து, ஒரே லாக் கோப்பு 22 ஜிபி ஆகிவிட்டிருந்தது. கண்டதும் மகிழ்ச்சியாக ‘ஆர்எம்’ போட்டேன். டிஎஃப் அசையவில்லை, அதே 100. டியு மட்டும் 22 ஜிபி குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. இரண்டு கட்டளைகளும் ஆளுக்கொரு கணக்குச் சொல்ல, நான் ஒரு கால் மணி நேரம் ஃபைல் சிஸ்டமே கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கெடவில்லை. லினக்ஸில் ஆர்எம் அழிப்பது பெயரைத்தான். அந்தக் கோப்பை ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. ‘சுடோ எல்எஸ்ஓஎஃப்’ என்று எழுதி, ஒரு கூட்டல் குறி, பெரிய எல், 1 சேர்த்துப் போட்டால் பெயர் இழந்தும் உயிரோடிருக்கும் கோப்புகள் வரும். ‘டெலிட்டட்’ என்ற சொல்லோடு என் 22 ஜிபி அங்கே உட்கார்ந்திருந்தது, பக்கத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டிருந்த ப்ராசஸின் எண்ணும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பியது. இப்போதெல்லாம் ஓடும் லாக்கை ஆர்எம் செய்வதில்லை, ‘ட்ரன்கேட் -எஸ் 0’ போட்டு உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடுகிறேன்.

டிஎஃப் 60 சதவீதம்தான் என்கிறது, ஆனாலும் இடமில்லை என்று பிழை வருகிறதா? ‘டிஎஃப் -ஐ’ போடுங்கள். ஐனோடு தீர்ந்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும், எவ்வளவு சிறிதானாலும், ஓர் ஐனோடு வேண்டும். ஈஎக்ஸ்டி4இல் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். பழைய செஷன் கோப்புகளும் கேஷ் துண்டுகளும் லட்சக்கணக்கில் சேர்ந்தால் டிஸ்க் பாதி காலியாக இருந்தும் ஒரு கோப்புகூட உருவாக்க முடியாது. அழிக்கப் போனால் ‘ஆர்குமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று ஆர்எம்மை ஷெல் ஓட்டவே விடாது, அதனால் ‘ஃபைண்ட்’ பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: ‘-டெலிட்’ என்பதைக் கட்டளையின் கடைசியில் எழுதுங்கள். ‘-எம்டைம்’ (கடைசியாக மாறிய நாள்) போன்ற நிபந்தனைக்கு முன்னால் எழுதினால் நிபந்தனையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் -டெலிட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வரும் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஒரு வேடிக்கை உண்டு. நோட் டெவ் சர்வர் ‘ஈநோஸ்பேஸ்’ (இடமில்லை) என்று கத்தும், டிஸ்க்கும் காலி, ஐனோடும் காலி. கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வாட்ச் எண்ணிக்கை தீர்ந்தாலும் கர்னல் அதே பிழைக் குறியைத்தான் திருப்பும். செய்தியின் மீதியில் ‘ஃபைல் வாட்ச்சர்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வரம்பைக் கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் உயர்த்துங்கள்.

## சத்தமில்லாமல் செத்துப்போகிறது

ஆப்பின் லாக்கில் ஒன்றுமே இல்லை. ஒரு வரி வழக்கம்போல, அடுத்த வரி ஆப் மறுபடி தொடங்கியது. கொல்லப்பட்டவருக்குக் கடைசி வார்த்தை எழுத நேரம் கிடைக்காது. கொன்றவரின் லாக்கைப் பாருங்கள்: ‘சுடோ ஜர்னல்சிடிஎல் -கே’. ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்’ என்ற வரி அங்கே இருக்கும். வெளியேறிய எண் 137 என்று டாக்கரோ தானாகப் பில்ட் செய்யும் சிஐயோ சொன்னாலும் முதலில் இதையே சந்தேகப்படுங்கள். 128உடன் சிக்னல் 9 சேர்ந்தது 137. நீங்களாகக் கில் -9 போட்டிருந்தாலும் அதே எண்தான் வரும்.

செத்தவர் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. கர்னல் பொதுவாக அதிக மெமரி பிடித்திருப்பவரைத்தான் பலி கொடுக்கும், அது பல நேரம் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல். ஆனால் இடத்தைத் தின்றது பிஎச்பியைப் பல ப்ராசஸாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மாக இருக்கலாம். 2 ஜிபி இயந்திரத்தில் அதன் ப்ராசஸ் வரம்பான மேக்ஸ் சில்ட்ரன் 50 என்று இருக்கும். ஒன்று 60 எம்பி பிடித்தால் 50க்கு 3 ஜிபி. கூட்டம் வராத நாளில் எல்லாம் நன்றாக ஓடும், கூட்டம் வந்த நாளில் டேட்டாபேஸ் சாகும். டேட்டாபேஸுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் மிஞ்சுவதை 60ஆல் வகுத்து அந்த எண்ணை வையுங்கள்.

‘ஃப்ரீ -எச்’ பார்க்கும்போது ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பதற வேண்டாம், லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியைக் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பார்க்க வேண்டியது அவைலபிள் பத்தி. சின்ன சர்வரில் நோட்டின் என்பிஎம் பில்ட் மட்டும் சாகிறதென்றால் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) ஒன்று போட்டால் போதும். பில்டை வேறிடத்தில் செய்து கொண்டுவருவது இன்னும் நல்லது.

## எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

‘அப்டைம்’ காட்டும் லோட் எண்ணை (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி) ‘என்ப்ராக்’ காட்டும் கோர் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 4 கோரில் 4 பரவாயில்லை, ஒரு கோரில் 4 என்றால் வரிசை நிற்கிறது. ஆனால் லினக்ஸின் லோடு கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸும் சேரும், அதனால் லோட் 12 இருந்தும் சிபியு சும்மா இருக்கலாம். ‘டாப்’ திறந்து மேலே சிபியு வரியைப் பாருங்கள். டபிள்யூஏ அதிகம் என்றால் டிஸ்க், எஸ்டி அதிகம் என்றால் உங்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு வர வேண்டிய நேரம் அதே பெட்டியில் இருக்கும் பக்கத்து வீட்டாருக்குப் போகிறது. கடைசியதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஹோஸ்டிங்காரரிடம் கேட்பது மட்டும்தான்.

## எஸ்எஸ்எச் உள்ளே விடவில்லை

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. கீ சரி, ஆனாலும் ‘பெர்மிஷன் டினைடு (பப்ளிக்கீ)’. உங்கள் பக்கம் ‘எஸ்எஸ்எச் -வி’ எவ்வளவு பேசினாலும் மறுத்த காரணம் சர்வரின் லாக்கில்தான் இருக்கும். பேனலில் உள்ள கன்சோல் வழியாக நுழைந்து ஆத்.லாக்கைப் பாருங்கள். ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று இருந்தால் அனுமதி தளர்வாக இருக்கிறது. .எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பு 600. இவை இரண்டும் சரியாக இருந்தும் ஹோம் ஃபோல்டரை 777 ஆக்கிவைத்திருந்தால் அதற்கும் மறுக்கும். மேலே 403க்கு 777 போட்டவர்கள் பலர் இங்கே வந்து சேர்வார்கள்.

பழைய டூலிலிருந்து மட்டும் நுழைய முடியவில்லையா? 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பழைய எஸ்எச்ஏ-1 முறையில் கையொப்பமிடும் ஆர்எஸ்ஏ கீயை இயல்பாக ஏற்பதை நிறுத்திவிட்டது. புதிதாக ஈடி25519 வகைக் கீ உருவாக்கினால் முடிந்தது.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கை மாற்றும்போது மட்டும் இரண்டு டெர்மினல் திறந்துவையுங்கள். ஒன்றில் மாற்றி, ‘சுடோ எஸ்எஸ்எச்டி -டி’ மூலம் எழுத்துப்பிழை பார்த்து, ரீஸ்டார்ட் செய்து, இன்னொன்றிலிருந்து புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும்.

## கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

க்ரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி, உங்கள் ஷெல் இல்லை. உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பான .பேஷ்ஆர்சி அதற்குத் தெரியாது, நிரல்களைத் தேடும் பாத் வெறும் /யுஎஸ்ஆர்/பின், /பின். நோட் பதிப்புகளைக் கையாளும் என்விஎம் வழியாக நிறுவிய நோட் அதன் கண்ணுக்கே படாது. முழுப் பாதை எழுதுங்கள், வெளியீட்டையும் பிழையையும் ஒரு கோப்புக்குத் திருப்புங்கள், காரணம் அங்கே வந்து விழும். அப்புறம் சதவீதக் குறி. தேதியைக் கோப்பின் பெயரில் சேர்க்க ‘டேட்’ கட்டளையை க்ரான் வரியிலேயே எழுதினால், அதிலுள்ள சதவீதக் குறியைக் க்ரான் புதிய வரி என்று எடுத்துக்கொண்டு அத்தோடு கட்டளையை வெட்டிவிடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். க்ரான்.டி ஃபோல்டரில் போடும் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் டெபியன் க்ரான் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பேக்கப்.எஸ்எச் என்று பெயர் வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

## கான்ஃபிக்கை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

நீங்கள் மாற்றிய கோப்பை யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பிஎச்பிக்குக் கட்டளை வரிக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று என்று இரண்டு பிஎச்பி.ஐஎன்ஐ உண்டு. ‘பிஎச்பி --ஐஎன்ஐ’ காட்டுவது முதலாவதை மட்டும், தளத்துக்கு வேண்டியது மற்றது. என்ஜின்எக்ஸுக்கு, ‘-டி’ கொடியைப் பெரிய எழுத்தில் போட்டால் அது உண்மையில் படிக்கும் முழுக் கான்ஃபிக்கும் கொட்டும். அதில் உங்கள் வரியைத் தேடுங்கள். சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரிலேயே பழைய கோப்பை .பேக் என்று நகலெடுத்து வைத்திருந்தால் டெபியன் அமைப்பில் அதையும் சேர்த்துப் படிக்கும், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது ஜெயிக்கும். ‘கான்ஃப்ளிக்டிங் சர்வர் நேம்’ என்ற எச்சரிக்கை அதற்கான அடையாளம். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பை மாற்றினால் முதலில் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, பிறகுதான் ரீஸ்டார்ட்.

சான்றிதழ் புதுப்பித்தும் பிரவுசர் காலாவதி என்கிறதென்றால் அதுவும் இதே குடும்பம்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். அதைப் புதுப்பிக்கும் கருவியான சர்ட்பாட் தன் வேலையைச் செய்து புதுக் கோப்பை வைத்துவிட்டது, என்ஜின்எக்ஸ் மெமரியில் பழையதையே வைத்துக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு ரீலோட், நிரந்தரமாக ஒரு டெப்லாய் ஹுக் (புதுப்பித்ததும் தானாக ரீலோட் செய்யும் கட்டளை).

## ஸ்க்ரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது, ‘நோ சச் ஃபைல்’ என்கிறது

இல்லை என்று அது சொல்வது உங்கள் ஸ்க்ரிப்டை அல்ல, முதல் வரியில் எழுதிய பேஷை. விண்டோஸில் சேமித்த கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் லினக்ஸ் தேடுவது ‘பேஷ்’ இல்லை, வாலோடு கூடிய ஒரு பேஷ். ‘ஃபைல்’ கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ‘சிஆர்எல்எஃப்’ என்று காட்டிக்கொடுக்கும். ‘டாஸ்2யுனிக்ஸ்’ ஓட்டிவிட்டு, அடுத்த கிட் புல் மறுபடி அதைக் கொண்டுவராமல் இருக்க .கிட்ஆட்ரிபியூட்ஸில் எஸ்எச் கோப்புகளுக்கு ஈஓஎல்=எல்எஃப் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.